மேல்வீட்டுச் சத்தமும் அட்வான்ஸ் பணமும்

பக்கத்து வீட்டுத் தொல்லை தாங்கவில்லை, அக்ரிமெண்ட் முடிய இன்னும் பல மாசம் கிடக்கிறது, காலி பண்ணிவிடலாமா என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "அந்த ஆள் அடங்கணுமா, இல்லே உனக்கு ராத்திரி தூக்கம் வரணுமா?" இரண்டும் ஒன்றுதானே என்று விழிப்பார்கள். ஒன்று கிடையாது. முதலாவதற்கு ஆசைப்பட்டவர்கள் வருஷக்கணக்கில் அதே வீட்டில் உட்கார்ந்து, அசோசியேஷனுக்கு மனு எழுதி, போலீஸைக் கூப்பிட்டு, கடைசியில் பிரஷர் மாத்திரையோடு வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். தூக்கம் வந்தால் போதும் என்றவர்கள் ஒன்றிரண்டு மாதத்தில் வேறு வீட்டில் பால் காய்ச்சிவிடுகிறார்கள்.

நான் வங்கியில் வேலை பார்த்தவள். மாற்றல் வேலை. திருச்சி, நாகர்கோவில், சேலம், சென்னை என்று முக்கால் ஆயுசு வாடகை வீடுகளில் கழிந்தது. ரிட்டயரான பிறகு வாங்கிய ஒரு ஃபிளாட்டை இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதனால் குடியிருப்பவர் புலம்பலும் தெரியும், ஓனர் போடுகிற கணக்கும் தெரியும். என் அக்கா மகள் பெருங்குடியில் மாட்டிக்கொண்டு முழித்தபோது இந்த இரண்டும் உதவியது. அவள் கதையை வைத்தே சொல்கிறேன்.

மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. வாடகை 22,000. அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை, 1,10,000. பிப்ரவரி முதல் தேதி குடிபோனாள். பதினொரு மாத அக்ரிமெண்ட், அதில் ஆறு மாதம் லாக்-இன், அதற்குமுன் கிளம்பினால் மிச்ச மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வரும்போது ராத்திரி பத்தரை, பதினொன்று ஆகிவிடும். சாப்பிட்டுப் படுத்தால் கூரைக்கு மேல் 'டம்' என்று ஒரு சத்தம். பிறகு கனமான ஏதோ தரையில் உருளும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டம்'. ஏப்ரல் கடைசியில் போன் பண்ணி, "சித்தி, நாளைக்கே வீட்டைக் காலி பண்ணப் போறேன், அட்வான்ஸ் போனா போகுது" என்று அழுதாள். மேல்வீட்டுக் குடும்பத்தோடு ஏற்கெனவே பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. லிஃப்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அளவுக்கு.

ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைப் 'போனா போகுது' என்று சொல்ல வைக்கிற தூக்கமின்மையை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. பை எடுத்துக்கொண்டு போய் அவளோடு சில நாள் தங்கினேன்.

முதல் ராத்திரியே சத்தம் வந்தது. மணி பதினொன்றரை இருக்கும். அவள் ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையை இடிக்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தி, செருப்பை மாட்டிக்கொண்டு படியேறினேன். மேல்வீட்டுக் கதவில் பெரிய பூட்டு. கைப்பிடியில் பிரிக்காத செய்தித்தாள்கள் சொருகிக் கிடந்தன. அதே மாடியில் எதிர்ப்பக்க வீட்டு வாசலில் ஷூக்கள் குவிந்திருந்தன, உள்ளே விளக்கு எரிந்தது. நான் நிற்கும்போதே அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து 'டம்'. கீழே வந்து செக்யூரிட்டியைக் கேட்டேன். மேல்வீட்டுக் குடும்பம் ஊர்த் திருவிழாவுக்குப் போய் நாலு நாள் ஆகிறதாம்.

எதிர் வீட்டில் வேலைக்குப் போகிற பையன்கள் சேர்ந்து தங்கியிருந்தார்கள். ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் டம்பெல் தூக்கி டைல்ஸ் தரையில் போடுகிறார்கள். கான்கிரீட் கட்டடத்தில் தளமும் பீமும் தூணும் ஒரே உடம்பாக வார்த்தது. காற்றில் வருகிற பேச்சுச் சத்தத்தைச் சுவர் ஓரளவு தடுக்கும். தரையில் விழுகிற அடி அப்படியில்லை, கட்டடத்துக்குள்ளேயே பயணம் போய் எங்கோ ஓர் அறைக் கூரையில் எழும்பும். தலைக்கு நேர் மேலே கேட்டால் நேர் மேல்வீடு என்றுதான் யாருக்கும் தோன்றும். இவளும் அந்த மேல்வீட்டு அம்மாவை மூன்று மாதமாக வில்லியாக்கி வைத்திருந்தாள். அவர்கள் ஊரிலிருந்து திரும்பியதும் என் முன்னாலேயே போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரச் சொன்னேன். முனகிக்கொண்டே போனாள். வரும்போது கையில் திருவிழாப் பிரசாதம் இருந்தது.

புகார் சொல்லுமுன் சத்தம் எங்கிருந்து வருகிறது, என்ன சத்தம் என்று காலால் நடந்து கண்டுபிடி. இது அலுப்பான வேலைதான். ஆனால் வகை தெரியாமல் மருந்து கிடையாது. நாற்காலி இழுபடுகிற சத்தமென்றால் நாலு காலுக்கும் ரப்பர் புஷ் போட்டால் முடிந்தது, நீயே வாங்கிக் கொடுத்துவிடலாம். தண்ணீர் மோட்டார் என்றால் அது அசோசியேஷன் வேலை. ஓடுகிற குழந்தை என்றால் அதற்கு மருந்து வயசுதான், அந்தக் குழந்தை வளருமட்டும் நீ அங்கே இருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

பையன்களிடம் எப்போது பேசுவது? சத்தம் வருகிற நேரத்தில் போகவே கூடாது. அந்த நேரம் உனக்கும் சூடு, அவர்களுக்கும் நண்பர்கள் முன்னால் மானப் பிரச்சினை. சாயங்காலம் நாலரை மணிக்கு, அவர்கள் தூங்கி எழுந்து டீ போடும் நேரமாகப் பார்த்துப் போனேன். "தம்பி, நீங்க கீழே வைக்கிறது எங்க தலைமேல வைக்கிற மாதிரி இருக்கு" என்றேன். "சாரி ஆன்ட்டி, கீழ கேக்கும்னே தெரியாது" என்றான் ஒருவன். அது உண்மையாகவும் இருக்கலாம். அடுத்த வாரம் ரப்பர் பாய் வாங்கிப் போட்டார்கள். டம்பெல் சத்தம் நின்றது.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அது ஐ.பி.எல். சீசன். மேட்ச் முடிந்ததும் ஸ்பீக்கரில் பாட்டு, பால்கனியில் கும்மாளம், இரண்டு மணி வரை. வருகிற ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கு மன்னிப்புக் கேட்டவன் நாளைக்கு அங்கே இல்லை. பேசித் தீர்க்க எதிரே ஒரு நிலையான ஆள் வேண்டும், அங்கே அப்படி ஒருவர் இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் இங்கே இருந்து ஜெயிக்கப் போவதில்லை. கிளம்ப வேண்டியதுதான். இனி யோசிக்க வேண்டியது எப்படிக் கிளம்புவது என்பதுதான்.

இந்த இடத்தில் என் வயசுக்காரர்கள் குறுக்கே வருவார்கள். "நாங்க ஒண்டுக்குடித்தனத்துல எட்டுக் குடும்பம் ஒரு குழாயடியில வாழ்ந்தோம், இதுங்களுக்கு ஒரு சத்தம் தாங்கலை" என்று. நானும் திருவல்லிக்கேணியில் அப்படி ஒரு வீட்டில் குடியிருந்தவள்தான். சத்தம் அங்கே இதைவிட அதிகம். ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விடிந்தது, ஒரே நேரத்தில் அடங்கியது. ஒன்பதரைக்கு வாசல் கதவைத் தாழ் போட்டு, நடைபாதை விளக்கை அணைக்க வீட்டுக்காரம்மா வருவார். அதற்குப்பின் ரேடியோ பாடினால் ஒரு கனைப்பு போதும். இன்றைக்கு ஒரே மாடியில் ஒருத்தர் அமெரிக்க நேரத்தில் வேலை செய்கிறார், ஒருத்தர் காலை ஐந்து மணிக்குப் பால் வாங்குகிறார், ஒருத்தர் நள்ளிரவில் சமைக்கிறார். யாருடைய ராத்திரி எது என்றே தெரியாத கட்டடத்தில் 'அனுசரிச்சுப் போ' என்பது புத்திமதி ஆகாது. எங்கள் காலத்தைக் காட்டி இந்தப் பிள்ளைகளை வாயடைப்பது சரியில்லை என்பது என் கட்சி.

சரி, கிளம்ப முடிவாகிவிட்டது. இனிமேல் வாயைக் குறைத்து எழுத்தைக் கூட்டு.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொடுத்து அன்றன்றைக்கு எழுதச் சொன்னேன். தேதி, சத்தம் தொடங்கிய நேரம், நின்ற நேரம், என்ன சத்தம், யாரிடம் சொன்னாய், அவர் என்ன சொன்னார். அவ்வளவுதான். 'சகிக்க முடியாத கொடுமை' என்றெல்லாம் எழுதக் கூடாது. 'இரவு 12.10 முதல் 1.45 வரை ஸ்பீக்கர் பாட்டு, 12.30-க்கு செக்யூரிட்டியிடம் சொன்னேன். மேலே போய் வந்தார். பத்து நிமிடம் நின்று மறுபடி தொடங்கியது' என்று இருந்தால் படிக்கிறவருக்குத் தானே புரியும். ஒவ்வொரு முறையும் ஓனருக்கும் அசோசியேஷன் செயலாளருக்கும் மறுநாள் காலையில் மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் செய்தி. நடுராத்திரியில் அனுப்பக் கூடாது. குடியிருப்போர் குரூப்பில் போடவே கூடாது. குரூப்பில் போட்டால் இருநூறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், அதில் பத்துப் பேர் 'தனியா இருக்கிற பொண்ணு' என்று வேறு திசைக்குப் பேச்சைத் திருப்புவார்கள்.

போலீஸைக் கூப்பிடலாமா? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்றால் பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. தனியார் இடத்து ஸ்பீக்கர் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைத் தாண்டி 5 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. போலீஸ் வருவார்கள், அன்றைக்குப் பாட்டு நிற்கும். அடுத்த சனிக்கிழமை என்ன செய்வது? உயிருக்கோ மானத்துக்கோ பயமென்றால், அடிதடி, மிரட்டல், குடித்துவிட்டுக் கதவைத் தட்டுவது என்றால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் 112-ஐக் கூப்பிடு, அதில் சித்தப்பா பெரியப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்காதே. பாட்டுச் சத்தத்துக்கு அது கடைசி வழி. கைப்பேசியில் டெசிபல் அளக்கிற செயலி உண்டு, அதை வைத்துக்கொண்டு சண்டை போடப் போகாதே. உன் நோட்டுக்கு ஒரு துணையாக வைத்துக்கொள், அதற்குமேல் மதிப்பு கிடையாது.

அடுத்தது, பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிற இடம். சத்தம் போடுகிறவர் யார் வீட்டில் குடியிருக்கிறார்? அவரும் உன் ஓனருக்கே வாடகை கொடுப்பவர் என்றால் ஓனர் கையில் பிடி இருக்கிறது, அவரைக் கேட்க உனக்கு உரிமையும் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில், வாடகையை ஒழுங்காகக் கொடுத்து நிபந்தனைகளைக் காப்பாற்றும் குடியிருப்பவர் இடையூறில்லாமல் அனுபவிக்க வேண்டும் என்பதை வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டதாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் அது வீட்டுக்காரரும் அவர் சார்பில் உரிமை கொண்டாடுகிறவர்களும் தருகிற இடையூறுக்கு. அந்தப் பையன்களின் வீட்டுக்கு ஓனர் வேறொருவர், வெளிநாட்டில் இருக்கிறார். அவருடைய குடியிருப்போருக்கு இவளுடைய ஓனர் எப்படிப் பொறுப்பாவார்? 'நீங்க ஏன் கேக்க மாட்டேங்கறீங்க' என்று இவள் அவர்மேல் பாய்ந்திருந்தால், நம் பக்கம் வரக்கூடிய ஒரே மனுஷனையும் எதிரியாக்கியிருப்பாள். ஓனர் மாடியிலேயே குடியிருந்து அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகள்தான் சத்தம் என்றால் அது மூன்றாவது வகை. அங்கே ஒன்றும் பேசாதே, வேறு வீடு பார்.

அக்ரிமெண்டை எடுத்துவரச் சொன்னேன். கையெழுத்துப் போட்ட அன்றைக்குப் பிறகு அவள் அதைத் திறந்ததே இல்லை. பதினொரு மாதம் என்று எல்லோரும் போடுகிறார்களே, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து தப்பிக்கப் பிறந்த வழக்கம் அது. தமிழ்நாட்டில் இப்போது 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துகிற சட்டம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய சென்னை ஓனர்களின் உயிர் அந்த 'வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்பதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருப்பவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. காலி பண்ணுகிறேன் என்றதும் தண்ணீரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது போன்ற வேலைகளைச் செய்தால் அதே அதிகாரியிடம் போகலாம்.

லாக்-இன் நிபந்தனையைப் பார்த்துப் பயந்து பல பிள்ளைகள் நரகத்தில் கிடக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதியிருக்கும் தொகையை ஓர் உச்சவரம்பாகத்தான் வைக்கிறது. அதற்குள் நியாயமான நஷ்டஈடு எவ்வளவோ அவ்வளவுதான் கேட்க முடியும். நீ போன பத்தாம் நாள் ஓனருக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டால் மூன்று மாத நஷ்டம் எங்கிருந்து வரும்? ஆனால் இதைச் சொல்லிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. 22,000 ரூபாய்க்காக வழக்குப் போடுகிறவள் மறுபடியும் தூக்கத்தைத் தொலைப்பாள். பேரம் பேச உட்காரும்போது முதுகு நிமிர்ந்திருக்க இந்த அறிவு வேண்டும், அதற்குத்தான். தொகை பெரிதாக இருந்தால் வக்கீல் ஒருவரிடம் அக்ரிமெண்டைக் காட்டு. அவர் ஃபீஸ் உன் அட்வான்ஸுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

பேரத்துக்கு என் கையில் இருந்த சீட்டு சட்டம்கூட இல்லை, பஞ்சாங்கம்.

லாக்-இன் முடிவது ஜூலை 31. அன்றைக்கு ஆடி பாதி. ஆடியில் நம் ஊரில் வீடு மாறுகிறவர்கள் அபூர்வம், ஆவணி பிறக்கும்வரை டு-லெட் போர்டு தொங்கிக்கொண்டே இருக்கும். மார்கழியும் அப்படித்தான். ஓனரிடம் நேரில் போனோம். ரிட்டயரான மனிதர், சோடாபுட்டிக் கண்ணாடி, கையில் கால்குலேட்டர். நோட்டைக் காட்டினோம். புரட்டிப் பார்த்து, "ஏம்மா, பாவமாத்தான் இருக்கு, ஆனா அக்ரிமெண்ட் அக்ரிமெண்ட்தானே" என்றார். நான் சொன்னேன்: "சார், இவ ஜூலை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்து போனா ஆடியில உங்க வீடு காலியாகும், ஒரு மாச வாடகை உங்களுக்கும் போகும். இப்பவே நோட்டீஸ் கொடுத்துட்டு ஜூன் முப்பதுக்குப் போனா ஆனியிலேயே ஆள் வந்துடும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், குடும்பமா வருவாங்க. வீடு பார்க்க யார் வந்தாலும் இவ கதவைத் திறந்து காட்டுவா." கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டார். லாக்-இன்னுக்காக ஒரு மாத வாடகை பிடிக்கலாமென்று இருந்தவர், பிடிக்கவில்லை. நானும் ஓனர் என்பதால் அவருடைய பயம் எனக்குத் தெரியும். காலி வீடுதான் ஓனரின் கெட்ட கனவு.

வீடு பார்க்க வருகிறவர்களிடம் சத்தத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று அவள் கேட்டாள். கேட்டால் பொய் சொல்லாதே, கேட்காவிட்டால் ஓனர் சொல்ல வேண்டியதை நீ ஏன் சொல்கிறாய் என்றேன். இது கொஞ்சம் வழுக்கலான பதில்தான். வந்த ஒரு தம்பதி கேட்டார்கள், சொன்னாள், அவர்கள் எடுக்கவில்லை. அடுத்து வந்தவர்கள் ராத்திரி பூராவும் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு அந்தச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை.

பேச்சில் ஒத்துக்கொண்டதை அன்றைக்கே எழுத்தாக்கினோம். என்ன தேதியில் நோட்டீஸ், என்ன தேதியில் காலி, லாக்-இன் தொகை பிடிப்பதில்லை என்பதற்கு அவர் சம்மதம், அட்வான்ஸ் திரும்பும் நாள், அவ்வளவும் ஒரே பக்கத்தில். வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கினாள், ஸ்பீடு போஸ்டிலும் ஒரு பிரதி போயிற்று. பதிவுத் தபால் 2025 செப்டம்பரோடு ஸ்பீடு போஸ்டில் கலந்துவிட்டது, ஆனால் சேர்ந்ததற்கான அத்தாட்சி இப்போதும் கிடைக்கிறது. நல்ல மனுஷர்தானே, எழுத்து எதற்கு என்று இழுத்தாள். நல்ல மனுஷருக்கும் மறதி உண்டு, அவருக்கு ஒரு மாப்பிள்ளையும் உண்டு, கணக்கு கடைசியில் மாப்பிள்ளை கைக்குப் போகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். கடைசி இரண்டு மாத வாடகையை நிறுத்திவிட்டு 'அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க' என்பது ஊர் வழக்கமாகிவிட்டது. ஓனர் எழுத்தில் ஒத்துக்கொண்டால் செய்யலாம், தப்பில்லை. ஒத்துக்கொள்ளாமல் நீயாக நிறுத்தினால், அதுவரை பாதிக்கப்பட்டவளாக இருந்தவள் அன்றிலிருந்து வாடகை பாக்கிக்காரி. சத்தத்தின் கதையெல்லாம் அதற்குப்பின் யார் காதிலும் ஏறாது.

பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இன்னொரு வழக்கம். ஐந்து மாதம் குடியிருந்த வீட்டில் சுவர் புதுசு மாதிரியே இருந்தது, ஆணிகூட அடிக்கவில்லை. குடிபோன அன்றைக்கு எடுத்த படங்களையும் இப்போதைய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இழுபறிக்குப் பிறகு பாதியில் நின்றது, 11,000. முழுசாகவே விட்டிருக்க வேண்டும் என்பாள் அவள். லாக்-இன்னை விட்ட மனுஷர், இதில் அவருக்கும் ஒரு சின்ன வெற்றி இருக்கட்டும் என்றேன் நான். மிச்சம் 99,000-இல் சாவி கொடுத்த அன்றைக்கு 60,000 வந்தது. இரண்டு மாதத்துக்கொருமுறை வருகிற இ.பி. பில்லுக்காக மீதியை நிறுத்தினார். கிளம்புமுன் மீட்டரைப் படம் எடுத்து அவருக்கும் அனுப்பியிருந்ததால் பில் வந்து அவள் அதைக் கட்டியதும் தகராறில்லாமல் 39,000 சேர்ந்தது. சாவி எத்தனை கொடுத்தோம் என்பதற்குக்கூட ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கினாள். அந்தப் பழக்கத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த வீடு பார்க்கும் வேலையில் அவசரப்படக் கூடாது என்று நினைப்போம், ஆனால் நோட்டீஸ் கொடுத்தபின் நாள் ஓடும். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்குமுன் இரண்டு முறை போகச் சொன்னேன், ஒன்று சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குமேல். புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குத்தான் கூட்டிப் போவார், அந்த நேரத்தில் எந்தத் தெருவும் சாதுதான். ராத்திரி போய் மாடிப்படியில் கொஞ்சம் நில். மேல்மாடி வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது, கல்யாண மண்டபம் எவ்வளவு தூரம், ஜெனரேட்டர் உன் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேயா, எல்லாம் தெரியும். வாட்ச்மேனிடம் 'சத்தம் இருக்குமா' என்று கேட்காதே, இருக்காது என்பார். 'போன குடித்தனம் எத்தனை மாசம் இருந்தாங்க, ஏன் போனாங்க' என்று கேள்.

ஆதம்பாக்கத்தில் மூன்று மாடிக் கட்டடத்தில் மேல்மாடி வீடு ஒன்று அமைந்தது. தலைக்கு மேல் மொட்டை மாடி. வெயில் இறங்கும் என்று அக்கா குறை சொன்னாள். இறங்கட்டும், மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தால் கொஞ்சம் குறையும். வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருக்கிறார். அக்ரிமெண்ட் வரைவு வந்ததும் அவளே உட்கார்ந்து படித்து மூன்று இடத்தில் அடிக்கோடு போட்டு எனக்கு அனுப்பினாள். லாக்-இன் ஆறு மாதம் என்றிருந்ததை மூன்றாக்கினாள். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்ற வரியை, சுவருக்குச் சேதம் இருந்தால் மட்டும் என்று மாற்ற வைத்தாள். இரவு பத்து மணிக்குமேல் கட்டடத்தில் தொடர்ந்து சத்தம் இருந்து, எழுத்தில் சொல்லியும் முப்பது நாளில் தீராவிட்டால் ஒரு மாத நோட்டீஸில் பிடித்தமில்லாமல் போகலாம் என்று புதுசாக ஒரு வரி கேட்டாள். அதற்கு அந்த வீட்டுக்காரர், "இப்படி ஒரு கண்டிஷனை நான் பார்த்ததே இல்லையேம்மா" என்று சிரித்துவிட்டு, முப்பதை நாற்பத்தைந்தாக்கிக் கையெழுத்துப் போட்டார்.